மெயினை யார் போடுவது

1. வந்தவன்

தனபால் எங்கள் சங்கத்துக்கு வந்த அன்றே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போது ‘அவர்’ என்று போடச் சொல்கிறாள் என் மனைவி செல்வி. அன்றைக்கு என் மனதில் இருந்தது ‘அவன்’தான். அதை மாற்றினால் நான் சொல்ல வந்த விஷயமே பொய்யாகிவிடும்.

எங்கள் ஒயர்மேன் சங்கத்தின் அறை பாபநாசத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. நான் கலியமூர்த்தி, லைசென்ஸ் வாங்கிய ஒயர்மேன், செயற்குழு உறுப்பினர். மாணிக்கம் அண்ணன் செயலாளர். எங்களோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் அப்போது துபாய், சவூதி என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அப்படிப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை எங்கும் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வீடு கட்ட ஆள் இருந்தார்கள். ஒயர் இழுக்க ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் மாணிக்கம் அண்ணன் எழுந்து சொன்னார்: “பட்டாளத்துலேருந்து திரும்பி வர்றவன் எவனுக்கும் நாப்பது வயசுகூட ஆவல. ஜெனரேட்டர் பாத்தவன், ஒயர்லெஸ் பாத்தவன், வெல்டிங் அடிச்சவன். இங்க வந்து என்ன பண்றான்? பேங்கு வாசல்ல ஸ்டூல் போட்டு, துப்பாக்கிய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நமக்கு ஆளு இல்ல. அவனுக்குத் தொழில் இல்ல. நாம சேத்துக்கிட்டா என்ன?”

ஏற்பாடு இதுதான். பட்டாளத்தில் எலெக்ட்ரிகல் வேலை பார்த்தவர்களுக்குச் சங்கத்தில் உறுப்பினர் கார்டு கொடுப்பது. லைசென்ஸ் உள்ள ஒரு சீனியரிடம் இரண்டு வருஷம் கையாளாக வேலை. முடிந்ததும் அந்தச் சீனியர் சங்கத்து லெட்டர்பேடில் அனுபவச் சான்று கொடுப்பார். அதை வைத்து லைசென்ஸ் பரீட்சைக்கு எழுதிப்போடலாம். லைசென்ஸ் இல்லாதவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் காலம் முழுக்கக் கையாள்தான்.

நான் எழுந்தேன். “அண்ணே, அவங்களுக்குப் பென்சன் இருக்கு, கேண்டீன் இருக்கு. பஸ்ல ஏறுனா எந்திரிச்சு எடம் குடுக்குறான். நமக்கு என்ன இருக்கு? நான் எட்டு வருஷம் கையாளா இருந்தேன். செவுத்தக் கொத்திக் கொத்தியே கையி காப்புக் காச்சுப் போச்சு. அவங்களுக்கு மட்டும் ரெண்டே வருஷமா?”

“மொதல்ல வரப்போறவரு பதினேழு வருஷம் அங்க கையாளா இருந்துட்டுத்தான் வர்றாரு. உக்காருடா” என்றார் மாணிக்கம் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? முதலில் வந்த ஆளை என் தலையிலேயே கட்டினார். அதிகமாகக் கத்தியவனிடம் கொடுத்தால்தான் திட்டம் நிற்கும் என்று பிற்பாடு யாரிடமோ சொன்னாராம்.

அப்படி வந்தவன்தான் ஹவில்தார் தனபால். பூதலூர் பக்கத்துக்காரன். என்னைவிட நான்கு வயது இளையவன். மழமழவென்று சவரம் செய்த முகம். பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதிய கறுப்புத் தகரப்பெட்டி. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து என் முன்னால் நிமிர்ந்து நின்றான். அந்த மார்பைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சிக்குப் போனவன் நான். என் அப்பா மிராசுதார் வயலில் வரப்போரம் அண்டை வெட்டிக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர். யூனிபாரம் போட்டுக்கொண்டு அதே வரப்பில் ஒருநாள் நடந்து வரவேண்டும் என்பது என் ஆசை. ஓட்டத்தில் தேறினேன், கயிறு ஏறினேன். மார்பு அளந்தவர் மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். இன்னும் இழு என்றார். அதற்கு மேல் என்னிடம் இல்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

2. ஃபியூஸைச் சட்டைப்பையில் போடுகிறவன்

வேலை தெரியாதவனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தனபாலுக்கு வேலை தெரிந்திருந்தது. வீட்டு ஒயரிங் மட்டும் புதிது. சுவருக்குள் பைப் பதிப்பதை ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டான். நூல் பிடித்து, குண்டு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு அவன் வெட்டிய காடி, கொத்தனாரே நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். நான் கண்மட்டத்தில் வெட்டுவேன். என் கோடும் நேராகத்தான் இருக்கும். ஆனால் யாரும் நின்று பார்த்ததில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மெயின் சுவிட்சில் கை வைக்கும்போதும் மூன்று ஃபியூஸ் கேரியரையும் உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அவை இல்லாமல் மெயினைப் போட்டாலும் கரண்ட் வராது. போட்டுக்கொண்டு அந்தக் கட்டடமே கேட்கிற மாதிரி, “ஃபியூஸ் மூணும் என்கிட்ட இருக்கு, யாரும் மெயின்ல கை வைக்காதீங்க” என்று குரல் கொடுப்பான். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்காரரிடம், “போட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிடுவோம். அவ்வளவுதான்.

“இது என்ன பார்டரா? யாரும் சுடமாட்டாங்க மிலிட்டரி சார்” என்று நான் கிண்டல் செய்வேன். அவன் சிரிப்பான். அடுத்த தடவையும் உருவித்தான் போடுவான்.

சங்கத்தில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. கேண்டீனில் வாங்கிய ரம் பாட்டிலைத் தீபாவளிக்கு யார் யாருக்கு எடுத்து வைக்கிறான் என்பதே ஒரு பேச்சாகிவிட்டது. எனக்கும் ஒன்று கொடுத்தான். குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குக் கோபம்.

ஒரு புது ரைஸ் மில்லுக்கு மெஷின் மாட்ட வடக்கேயிருந்து ஃபிட்டர்கள் வந்திருந்தார்கள். எங்களுக்கு அவர்கள் பேச்சு புரியாது, அவர்களுக்கு எங்கள் பேச்சு புரியாது. இரண்டு நாளாகப் பேனல் திறக்காமல் கிடந்தது. தனபால் போய் இந்தியில் நான்கு வார்த்தை பேசினான். மத்தியானத்துக்குள் மோட்டார் ஓடியது. மில் முதலாளி எனக்குக் கைகொடுத்துவிட்டு அவனைப் பார்த்து, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார். இருபது வருஷமாக அவருடைய பழைய மில்லில் வேலை பார்த்தவன் நான். என்னிடம் அந்த மனிதர் ஒருநாளும் ஊர் கேட்டதில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒருநாள் தனபால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டான். அதை செல்வி ஒரு வருஷம் சொல்லிக் காட்டினாள். “அந்தத் தம்பியப் பாருங்க” என்று ஆரம்பித்தாலே நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன்.

3. ராஜகிரி வீடு

இரண்டு வருஷம் முடிந்த கையோடு ராஜகிரியில் ஜபருல்லா பாய் வீட்டு வேலை முடிந்தது. பாய் துபாயில் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு லீவுக்கும் வந்து ஒரு சுவரை எழுப்பிவிட்டுப் போவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பெரிய வீடு, த்ரீ பேஸ் சர்வீஸ். மாடியும் கீழுமாக நாற்பது பாயின்டுக்கு மேல்.

இங்கே எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். புது வீட்டுக்கு முதல்முதலாகக் கரண்ட் கொடுப்பதை ‘சார்ஜ் பண்ணுவது’ என்போம். அன்றைக்கு உறவு ஜனம் கூடியிருக்கும். அந்த வீட்டு வேலையை எடுத்துச் செய்த சீனியர் ஒயர்மேன்தான் மெயினைப் போடுவான். வீடு முழுக்க ஒரே நேரத்தில் லைட் எரியும். வீட்டுக்காரர் அவனுக்குத் துண்டு போர்த்தி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் கொடுப்பார். அந்தத் தெருவில் அடுத்த வீடு கட்டுகிறவர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார். துண்டு யார் தோளில் விழுகிறதோ அவனைத்தான் தேடி வருவார். கையாள் மெயினைப் போடுவது கிடையாது. என் வீட்டு மரப்பெட்டியில் அப்படி வாங்கிய துண்டுகள் அடுக்கி இருந்தன. ஒன்றைக்கூட நான் உடுத்தியதில்லை.

முதல்நாள் சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார். “கலியமூர்த்தி, நாளைக்கு நம்ம மிலிட்டரி மெயினைப் போடட்டுமே. நீங்க எத்தனையோ வீட்டுக்குப் போட்டிருக்கீங்க. அவரு பனியிலயும் வெயில்லயும் கெடந்துட்டு வந்த மனுசன். அவரு கையால வெளிச்சம் வரட்டும்னு வீட்டுலயும் சொல்றாங்க.”

“தாராளமா பாய்” என்றேன். வயிறு எரிந்தது. பாயின்ட் பாயின்டாக அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவன் நான். மாடிப்படி லைட்டை மேலேயும் கீழேயும் போட்டு அணைக்கிற மாதிரி இரண்டு நாள் யோசித்துச் செய்துகொடுத்தவன் நான். பனியில் கிடந்தால் மெயின் போடலாமா? நான்கூடக் கிடந்திருப்பேன். எனக்கு மூச்சுதானே குறைந்தது.

மறுநாள் காலையில் தனபாலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: “கையாளு மெயினைப் போட்ட வழக்கம் நம்ம சங்கத்துல கெடையாது. பாய்கிட்ட நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க.”

“அவங்க ஆசைப்பட்டுக் கேக்குறாங்கண்ணே. நான் எப்படி வேணாம்னு சொல்றது?”

“வாயால சொல்றது.”

அவன் முகம் கறுத்துவிட்டது. நேரே மெயின் போர்டுக்குப் போய்க் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் ஏதோ செய்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாபநாசம் பக்கம் போய்விட்டான். சங்கத்தின் மெகர் எடுத்துவரப் போகிறான் என்று எனக்குத் தெரியும். ஒயரில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது. சங்கத்துக்கே ஒன்றுதான், பீரோவில் பூட்டி இருக்கும். சார்ஜ் பண்ணுவதற்கு முன் அதை வைத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. நாங்கள் பாதி வீட்டில் பார்ப்பதில்லை. அவன் எல்லா வீட்டிலும் பார்ப்பான்.

லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்து ஜனம் வர ஆரம்பித்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதி முடித்தார். எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். தனபாலைக் காணவில்லை. பாய் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் போர்டைத் திறந்து பார்த்தேன். மூன்று ஃபியூஸ் கேரியரும் இல்லை. வழக்கம்போலச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். நான் எடுத்த வேலை, நான் மாட்டிய போர்டு, என்னையே போடவிடாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று எனக்குத் தலைக்கேறியது. என் பையில் வேறு ஃபியூஸ் கேரியர்கள் இருந்தன. மூன்றை எடுத்துச் செருகினேன்.

“வந்துடுவாரு பாய். ஜனம் நின்னுக்கிட்டு இருக்கு, நானே போட்டுடுறேன்” என்றேன். பாய் அரை மனதாகத் தலையாட்டினார்.

மெயினைப் போட்டேன்.

லைட் எல்லாம் எரிந்தது. ஒரு நொடி எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஹாலில் வெளிச்சம் கண் கூசுகிற அளவுக்கு ஏறியது, மாடியில் மங்கியது. பட்பட்டென்று பல்புகள் வெடித்தன. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். யாரோ ஆசையாக மாட்டி வைத்திருந்த ஃப்ரிட்ஜிலும் டி.வி.யிலும் புகை வந்தது. நான் மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று பேஸில் போகிற கரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி நியூட்ரல். அது விட்டுப்போனால் ஒரு பக்கம் குறையும், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறிவிடும். மெகர் வைத்துப் பார்க்க, அந்த வழியை இணைக்கும் தகடான நியூட்ரல் லிங்க்கைக் கழற்றவேண்டும். தனபால் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெகர் எடுக்கப் போயிருக்கிறான். லிங்க் மெயினுக்குள்ளேயே கீழே இருக்கும். குனிந்திருந்தால் பார்த்திருப்பேன். ஃபியூஸ் இருந்த இடத்தைத் தவிர என் கண்ணில் வேறெதுவும் படவில்லை.

அப்போதுதான் அவன் மெகர் பெட்டியோடு உள்ளே வந்தான். புகையைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான். என்னைப் பார்த்து மெதுவாக, “அண்ணே, நியூட்ரலக் கழட்டி வச்சிருந்தேனே” என்றான்.

அது பாய் காதில் விழுந்தது. “கழட்டி வச்சிட்டு எங்கங்க போனீங்க? பொம்பளைங்க புள்ளைங்க நிக்கிற வீடு இது!” என்று அவனைப் பார்த்துக் கத்தினார்.

மெயினைப் போட்டவன் நான், பக்கத்தில்தான் நின்றேன். நான் வாயைத் திறக்கவில்லை.

4. மூன்று நாள்

மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. மிலிட்டரிக்காரன் நியூட்ரலைக் கழற்றிப்போட்டுவிட்டுப் போய்விட்டான், வீட்டையே கொளுத்தப் பார்த்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள். சங்கத்திலும் இரண்டு பேர், “கலியமூர்த்தி அன்னிக்கே சொன்னான்ல?” என்றார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு இனித்தது. பயமும் இருந்தது, இனிப்பும் இருந்தது. இரண்டு வருஷமாக அவன் பெயரை நல்ல விதமாகவே கேட்டு நொந்திருந்த காதுக்கு ஒரு ஓய்வு கிடைத்தது. செல்விகூட அந்த மூன்று நாளும் ‘அந்தத் தம்பி’ என்று ஆரம்பிக்கவில்லை.

ஆனால் விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும். லைசென்ஸ் பரீட்சைக்கு விண்ணப்பம் போய்ச்சேர நான்கு நாள்தான் இருந்தது. என் கையெழுத்துள்ள சான்று இல்லாமல் அனுப்ப முடியாது. அது போனால் அவனுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது. தஞ்சாவூரில் ஒரு பேங்கில் காவலாளி வேலைக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒத்துக்கொள்ளச் சொல்லி மாமனார் வீட்டில் நெருக்கினார்கள். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பட்டாளத்துக்காரர்கள் சங்கத்தில் சேர மனுக் கொடுத்துக் காத்திருந்தார்கள். தனபால் தேறாவிட்டால் அந்த மனுக்களை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கப் போவதில்லை.

5. விசாரணை

மூன்றாம் நாள் செயற்குழு கூடியது. ஜபருல்லா பாயும் வந்து உட்கார்ந்திருந்தார். நஷ்டத்தைச் சங்கமே ஏற்கும் என்று மாணிக்கம் அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். அதில் பாய்க்குத் தகராறு இல்லை. யார் தப்பு என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும்.

தனபால் எழுந்து நின்றான். “நியூட்ரல் லிங்க்கைக் கழட்டினது நான்தான். போர்டுல எழுதி மாட்டாம, யாருகிட்டயும் சொல்லாம போனது என் தப்பு” என்றான்.

“மெயினப் போட்டது யாரு?” என்று கேட்டார் மாணிக்கம் அண்ணன்.

தனபால் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நான் அப்ப அங்க இல்லண்ணே. என் தப்ப மட்டும்தான் நான் சொல்ல முடியும்.”

மெயினைப் போட்டது யார் என்று பாய்க்குத் தெரியும். ஆனால் சீனியர் போடுவது வழக்கம்தானே, அதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று அவர் நினைத்திருந்தார். ஃபியூஸ் விஷயம் அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். எல்லோரும் தனபாலையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மரியாதை ஏறுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். தப்பை ஒத்துக்கொண்டு, அடுத்தவனைக் காட்டிக்கொடுக்காமல், விறைப்பாக நிற்கிறான். பாய்கூட, “சரி, மனுசன் ஒத்துக்கிட்டாரு” என்று முணுமுணுத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. நான் செய்த தப்பிலும் இவனுக்கே நல்ல பெயரா?

எழுந்தேன். “மெயினப் போட்டது நான். ஃபியூஸ் இல்லாம இருந்துச்சு. அவரு உருவி எடுத்துக்கிட்டுப் போயிருந்தாரு. எம்பையிலேருந்து வேற ஃபியூஸ் எடுத்துச் செருகிப் போட்டேன். ஃபியூஸ் இல்லாத மெயின்ல கை வைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவரு போடுறதுக்கு முந்தி நான் போட்டுடணும்னு போட்டேன்.”

மனசாட்சி உறுத்தி ஒத்துக்கொண்டான் என்று சங்கத்தில் இன்றுவரை நினைக்கிறார்கள். பொறாமையில் ஒத்துக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

மாணிக்கம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆறு மாசத்துக்கு நீ எந்த வேலையும் உம்பேருல எடுக்கக்கூடாது. சங்கத்து லெட்டர்பேடுல கையெழுத்தும் போடக்கூடாது. செயற்குழுவுலேருந்தும் எறங்கிக்க” என்றார். பிறகு மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, பேனா மூடியைத் திறந்தார். உடனே எழுதவில்லை.

“இத நான் எழுதி முடிச்சிட்டா உன் கையெழுத்து செல்லாது. தனபாலுக்குச் சான்று குடுக்குறதுன்னா இப்பவே குடு. குடுக்கமாட்டேன்னாலும் இப்பவே சொல்லு. நான் வற்புறுத்தமாட்டேன்.”

லெட்டர்பேடில் அடித்து வைத்திருந்த சான்றுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

வேலையைப் பற்றிய வரிகளை எழுதினேன். காடி வெட்டுதல், பைப் பதித்தல், ஒயர் இழுத்தல், மோட்டார் இணைப்பு. எல்லாவற்றுக்கும் ‘நன்று’ போட்டேன். பொய் எழுத வழியில்லை, அத்தனை பேருக்கும் தெரியும். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இவரை நம்பித் தனியாக வேலை ஒப்படைக்கலாமா? அங்கே பேனா நின்றுவிட்டது.

‘இல்லை’ என்று எழுதினால் யாரும் என்னைக் கேட்க முடியாது. நியூட்ரலைக் கழற்றிவிட்டுச் சொல்லாமல் போனேன் என்று அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான். ‘ஆம்’ என்பதைவிட ஓர் எழுத்து கூட்டி எழுதினால் போதும், அவன் பேங்கு வாசல் ஸ்டூலுக்குப் போய்விடுவான். மில் முதலாளி மறுபடி எனக்கு மட்டும் கை கொடுப்பார். மெயின், துண்டு, தெரு எல்லாம் மறுபடி என்னுடையதாகிவிடும். நிமிர்ந்து பார்த்தேன். தனபால் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். திருச்சியில் மார்பு அளந்தவர் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். டேப் இப்போது என் கையில் இருந்தது.

‘ஆம்’ என்று எழுதினேன். அதோடு விட மனமில்லை. கீழே, ‘வேலை செய்யும் இடத்தில் அதிகம் பேசுவார்’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மாணிக்கம் அண்ணன் படித்துவிட்டு, “என்னடா இது?” என்றார்.

“உண்மைதானண்ணே? ஃபியூஸ உருவுனா கட்டடமே கேக்குற மாதிரி கத்துறாருல்ல?”

அப்படியே முத்திரை குத்திக் கவரில் போட்டார். அதற்குப் பிறகுதான் மினிட்ஸ் எழுதினார்.

6. பிறகு

தனபால் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கினான். காத்திருந்த நான்கு பேரும் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலும் வந்தார்கள். வெல்டர் சங்கமும் பிளம்பர் சங்கமும் எங்களிடம் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போய் அதேபோல ஆரம்பித்தன. எல்லோரும் தனபாலைத்தான் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து நானும் என் பெயரில் வேலை எடுக்க ஆரம்பித்தேன். அவன் ஒரு தெருவில் என்றால் நான் அடுத்த தெருவில். எதிரில் பார்த்தால், “வாங்கண்ணே” என்பான். “நல்லாருக்கியா” என்பேன். அதற்கு மேல் பேச்சு இல்லை.

முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனபோது நான் தொழிலை விட்டேன். சங்கத்தில் மாலை போட்டார்கள். கூட்டம் முடிந்ததும் தனபால் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிறுத்தினான். இரண்டு டீ சொன்னான்.

“அண்ணே, ராஜகிரி வீட்டுல நடந்தத ஒண்ணு உங்ககிட்ட சொல்லணும். அன்னிக்கி நியூட்ரலக் கழட்டினது மெகருக்காகன்னு எல்லாரும் நெனச்சாங்க.”

“அதுக்குத்தானே கழட்டுவாங்க?”

“மெகரு வந்தப்புறமும் கழட்டியிருக்கலாமே. அதுக்கு ஒரு நிமிஷம் ஆவுமா? நீங்க என்னைய வேணாம்னு சொல்லச் சொன்னீங்க பாருங்க, அதுல எனக்கு ஆத்திரம். நான் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க போட்டுடுவீங்கன்னு தெரியும். போடக்கூடாதுன்னுதான் ஃபியூஸ எடுத்தேன். அப்பவும் மனசு ஆறல, மீறிப் போட்டா நீங்க மாட்டிக்கட்டும்னு நியூட்ரலையும் கழட்டிட்டுப் போனேன். வேணும்னேதான் சொல்லாமப் போனேன்.”

நான் டீயைக் கீழே வைத்தேன்.

“உங்கமேல எனக்குப் பொறாமைண்ணே. பதினேழு வருஷம் எங்கெங்கயோ ஒயர் இழுத்திருக்கேன். கிளம்பிட்டா அந்த எடத்த மறுபடி கண்ணால பாக்கமுடியாது. உங்களுக்கு அப்படியா? தெருவுல நடந்து போனா, இது நான் போட்ட வீடு, அது நான் போட்ட வீடுன்னு காட்டிக்கிட்டே போவீங்க. சாயங்காலம் அக்கா கையால சாப்புடுவீங்க. ஒரு வீட்டுக்காவது நான் மெயின் போட்டுடணும்னு வெறி. கூட்டத்துல இதச் சொல்லியிருக்கணும். பாதிதான் சொன்னேன். நீங்க எந்திரிச்சு முழுசாச் சொன்னீங்க. அந்த வயித்தெரிச்சல் இன்னும் எனக்குப் போவல.”

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் பிள்ளைகள் நின்றிருந்தது ஞாபகம் வந்ததும் இரண்டு பேருமே நிறுத்திக்கொண்டோம்.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள், பட்டாளத்திலிருந்து வந்தாலும் ஐ.டி.ஐ.யிலிருந்து வந்தாலும், என்னிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். எதைக் கழற்றினாலும் கூட இருப்பவனிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போ. உனக்குப் பிடிக்காதவன் அங்கே இருந்தால் முதலில் அவனிடம் சொல்.